தம்பதியர் பதிவேட்டில் பள்ளிக்கூடத்துப் பெயர்கள்

பெண்பிள்ளைகளுக்குப் போடும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசிக்கு ஊரை எப்படிச் சம்மதிக்க வைப்பது என்று பக்கத்துத் துணை சுகாதார நிலையங்களில் இருக்கும் செவிலியர்கள் இன்னும் எனக்குப் போன் செய்கிறார்கள். நான் ஓய்வு பெற்று அதிக நாள் ஆகவில்லை. முப்பத்திரண்டு வருஷம் கிராம சுகாதார செவிலியராக இருந்தவள், எப்பேர்ப்பட்ட ஆளையும் பேசியே வழிக்குக் கொண்டுவந்துவிடுவாள் என்று என்மேல் ஒரு பெயர் உண்டு. பேசி வழிக்குக் கொண்டுவந்தது உண்மைதான். அதனால் என்ன ஆனது என்பதை யாரிடமும் சொன்னதில்லை. யோசனை கேட்பவர்கள் இதைப் படித்துவிட்டு வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்ளட்டும்.

விழுப்புரத்தில் ஒன்றரை வருஷம் பயிற்சி. அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஆரஞ்சுப் பழத்தில் ஊசி குத்திப் பழகினோம், பிரசவம் பார்க்கக் கற்றுக்கொண்டோம், ஹாஸ்டல் சாம்பாரைத் திட்டினோம். பிறகு ஒலக்கூர் ஒன்றியத்தில் ஒரு கிராமத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். திண்டிவனத்தில் வீடு. முதலில் பஸ்ஸும் நடையும், பிறகு மொபெட். கிராமம் இரண்டாக இருக்கும். ஏரிக்கரைக்கு இந்தப் பக்கம் ஊர், சொந்த நிலம் வைத்து நெல்லும், மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் போடுகிறவர்கள். அந்தப் பக்கம் காலனி, அந்த நிலங்களில் கூலிக்குப் போகிறவர்கள். இரண்டு பக்கமும் எனக்கு நர்சம்மா என்றுதான் பெயர். என் சொந்தப் பெயர் அங்கே யாருக்காவது தெரியுமா என்பது சந்தேகம்.

வேலை என்றால் கர்ப்பிணிகளைப் பார்ப்பது, குழந்தைகளுக்கு ஊசி போடுவது, பதிவேடு எழுதுவது. இதற்கெல்லாம் மேலே ஒன்று இருந்தது. அதற்கு எங்கள் பாஷையில் கேஸ் என்று பெயர். இரண்டு பிள்ளை பெற்ற பெண்ணைக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்குச் சம்மதிக்க வைத்துக் கூட்டிக்கொண்டு போனால் ஒரு கேஸ். இலக்கு என்பதையே எடுத்தாகிவிட்டது என்று ஒரு சமயம் சுற்றறிக்கை வந்தது. எங்கள் மாதக் கூட்டத்துக்கு மட்டும் அந்தச் சுற்றறிக்கை வந்து சேரவில்லை. கேஸ் இல்லாதவர்கள் எழுந்து நிற்க வேண்டும். அப்போதிருந்த மேற்பார்வை அம்மாள் திட்ட மாட்டார். அடுத்த பெயருக்குப் போய்விடுவார், உட்காரச் சொல்லவும் மாட்டார். கூட்டம் முடியும்வரை நிற்க வேண்டியதுதான். மார்ச் மாதம் கணக்கு முடிக்கும் மாதம். அந்த மாதத்தில் நின்றவர்களுக்குத்தான் அதன் வலி தெரியும்.

கேஸ் தேடுவதற்கென்றே ஒரு பதிவேடு இருந்தது. தகுதியுள்ள தம்பதியர் பதிவேடு. நீளமான நோட்டு, பச்சைக் காலிகோ அட்டை, ஒரு கை அகலத்துக்குக் கனம். மனைவி பெயர், கணவர் பெயர், உயிருடன் உள்ள குழந்தைகள், நிரந்தர முறை, அதாவது ஆபரேஷன், செய்தாகிவிட்டதா இல்லையா என்று கட்டம் கட்டமாக அச்சடித்திருக்கும். அதைக் கையில் பிடித்துக்கொண்டு நான் ஏரிக்கரையில் திரும்பினாலே காலனிப் பெண்கள் வீட்டுக்குள் போய்விடுவார்கள் என்று அந்த நாளில் கேலி செய்வார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன். ஊருக்குள் போனால் மோர் கொடுப்பார்கள், மாமனாரைக் கேட்டுச் சொல்கிறோம் என்பார்கள், அதோடு சரி. அங்கே எனக்கு வற்புறுத்தத் தைரியம் கிடையாது. காலனியில் உண்டு. கவர்மெண்ட் ஆள் வீட்டு வாசலில் வந்து நின்றால் முடியாது என்று சொல்லி அவர்களுக்குப் பழக்கமில்லை. அதனால் எனக்குக் கேஸ் எல்லாம் அங்கேதான் கிடைத்தது.

அஞ்சலை அப்படிக் கிடைத்தவள். பன்னிரண்டு வருஷம் இருக்கும். மூன்று வயதில் ஒரு பெண், நடக்கத் தொடங்கியிருந்த ஒரு பையன். எனக்கு அந்த வருஷக் கணக்குக்கு ஒன்று குறைந்தது. மூன்று நாள் தொடர்ந்து போனேன். "ஒரே ஊசிதான் அஞ்சல, ஒண்ணும் தெரியாது. நாலு நாள்ல நாத்து நட போயிடலாம்," என்றேன். நான்காம் நாள் காலையில் வேனை அவள் தெருமுனையிலேயே நிறுத்தினேன். வேன் போய்விடும், ஜல்தி வா என்று பையனை அவள் இடுப்பிலிருந்து நானே வாங்கி அவள் நாத்தனாரிடம் கொடுத்தேன். ஆபரேஷன் நல்லபடியாகத்தான் நடந்தது. அந்த மாதக் கூட்டத்தில் நான் உட்கார்ந்திருந்தேன்.

மூன்று மாதம் கழித்து, ஆனி மாதத்தில், அந்தப் பையன் காய்ச்சல் வந்து இரண்டே நாளில் போய்விட்டான். நான் துக்கத்துக்குப் போனேன். அஞ்சலை என்னைப் பார்த்து அழவில்லை, திட்டவுமில்லை. அடுத்த வருஷம் அவள் புருஷன் செங்கல்பட்டுப் பக்கம் வேலைக்குப் போனவன் அங்கேயே வேறு குடும்பம் வைத்துக்கொண்டான். இனிமேல் பிள்ளை பெறாதவளோடு என்ன என்று சொன்னானாம். அதற்குப் பிறகு அஞ்சலை ஒரு தலைவலி மாத்திரைக்குக்கூட என் நிலையத்து வாசலில் ஏறியதில்லை. எதிரே வந்தால் ஒதுங்கிப் போவாள். நானும் அந்தத் தெருவைச் சீக்கிரம் கடந்துவிடுவேன்.

இனி ஊசிக்கு வருகிறேன். என் வேலையின் கடைசி மாதங்களில் அந்த உத்தரவு வந்தது. பதினான்கு வயது முடிந்து, பதினைந்து முடியாத பெண்பிள்ளைகளுக்கு ஒரு தவணை. பெற்றோர் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் முன்னிலையில் போட வேண்டும். எனக்கு ரொம்பச் சந்தோஷம். அந்த நோய் வந்த பெண்களை என் வேலைக்காலத்தில் பார்த்திருக்கிறேன். வெளியே சொல்ல வெட்கப்பட்டு, துணியை யாருக்கும் தெரியாமல் துவைத்து, கடைசியில் வீட்டில் உள்ளவர்களே மூக்கைப் பொத்திக்கொள்ளும் நிலைக்கு வந்த பிறகுதான் சொல்வார்கள். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்ததைத் தவிர அவர்களுக்கு நான் ஒன்றும் செய்ததில்லை. வேலையை விட்டுப் போகும்போது ஒரு நல்ல காரியம் செய்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன்.

எங்கள் டாக்டர் முப்பது வயதுக்குச் சற்று மேலான பெண். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. தடுப்பூசி இருக்கும் குளிர்பெட்டியை யாரையும் நம்பி விட மாட்டார். காலையில் வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே அதனிடம் போய், மூடியைத் திறந்து வெப்பமானியைப் பார்த்து எண்ணை உரக்கச் சொல்வார். இரண்டுக்கும் எட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். நான் எழுத வேண்டும். மருந்து எடுத்துப் போகும் கேரியரில் வைக்கும் ஐஸ் பேக்கைக் காதருகே வைத்து ஆட்டுவார். உள்ளே தண்ணீர் குலுங்கும் சத்தம் கேட்டால்தான் வைக்கலாம். கல்லாக உறைந்த ஐஸை வைத்தால் இந்த மருந்தும் உறைந்துவிடும், உறைந்தால் பயனில்லை. படிவங்களைக் கீழிருந்து மேலாகப் படிப்பார். முதலில் கையெழுத்து, பிறகு தேதி, கடைசியில்தான் பெயர். தப்புச் செய்துவிட்டு அவர் முன்னால் போய் நின்றால் கோபப்பட மாட்டார். நாம் ஒரு வாக்கியம் சொன்னால் "அப்புறம்?" என்பார். எல்லாவற்றையும் கொட்டிவிட்டுத்தான் நகர முடியும்.

பள்ளிக்கூடத்தில் பட்டியல் எடுக்கப் போன அன்று நான் செய்ததுதான் முதல் தப்பு. இந்த ஊசிக்கென்று தனிப் பதிவேடு இன்னும் எங்கள் கைக்கு வரவில்லை. ஆபீஸில் கொடுத்திருந்த டேப் கணினியில் ஏற்றுவதற்கு முன்னால் கையால் எழுதி வைத்துக்கொள்வது என் வழக்கம். பையைத் துழாவினேன். பச்சை நோட்டின் கடைசியில் மூன்று பக்கம் காலியாக இருந்தது. கனமான தாள், கோடு போட்டது, வீணாகக் கிடக்கிறதே என்று அதை எடுத்தேன். எனக்கு அப்போது கண்ணாடியும் சரியில்லை. நல்ல கையெழுத்து யாருக்கு என்று கேட்டதும் வகுப்பே ஒரு பெண்ணைக் கைகாட்டியது. அவளிடம் நோட்டைக் கொடுத்து எல்லோருடைய பெயரையும் பிறந்த தேதியையும் எழுதச் சொன்னேன். உருண்டை உருண்டையாக அழகாக எழுதினாள். எழுதும்போது பக்கத்துப் பெண்களோடு எதற்கோ சிரித்தாள். அந்தப் பெண்தான் அஞ்சலையின் மகள் கீர்த்தனா. பட்டியலில் ஊரும் காலனியும் சேர்த்து இருபத்து மூன்று பெண்கள் இருந்தார்கள், அதில் ஒன்பது பேர் காலனி.

பெற்றோர் கூட்டம் அடுத்த வாரம். டாக்டரே வந்தார். நோய் எப்படி வருகிறது, ஊசி எப்படித் தடுக்கிறது என்று படம் காட்டிப் பொறுமையாகச் சொன்னார். என் முறை வந்தது. நானும் என் பழைய சாமர்த்தியத்தை எடுத்துவிட்டேன்.

"ஒரே ஊசிதாம்மா. எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும். அரை மணி நேரம் உக்காந்துட்டு வூட்டுக்குப் போயிடலாம்."

பின்வரிசையில் அஞ்சலை எழுந்து நின்றாள். கழனியிலிருந்து நேரே வந்திருந்தாள். புடவைக்கு மேலே போட்டிருந்த முழுக்கைச் சட்டையில் மண் காயவில்லை.

"எங்கிட்டயும் ஒரே ஊசின்னுதான் சொன்னீங்க, நர்சம்மா."

"அது வேற அஞ்சல, இது வேற."

"நோட்டு ஒண்ணுதானங்க?"

"எந்த நோட்டு?" என்று டாக்டர் கேட்டார்.

"பச்ச நோட்டுங்க. அதுல புருஷன் பேரு, உசுரோட இருக்கிற கொழந்த எத்தினி, ஆபரேசன் ஆச்சா இல்லியான்னு கட்டம் கட்டி இருக்குது. அதுக்குக் கீழதான் எங்க பொண்ணுங்க பேரெல்லாம் எழுதி வெச்சிக்கினு இருக்காங்க. எம் பொண்ணே எழுதிட்டு வந்து, புருஷன் பேருன்னு போட்டிருந்துச்சும்மா, நாங்கெல்லாம் சிரிச்சோம்னு சொல்றா. எனக்கு சிரிப்பு வரலைங்க. எங்கிட்ட கைநாட்டு வாங்குன அன்னிக்கு எம் பேரை எழுதுன நோட்டு அது."

புதுப் பதிவேடு வரவில்லை, மூன்று பக்கம் காலியாக இருந்தது, அதனால்தான் என்றேன். அது சத்தியமான உண்மை. ஆனால் சொல்லும்போது எனக்கே பொய் மாதிரி கேட்டது. காலனிப் பெண்கள் ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை. "சரிங்க, வர்றோங்க," என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். முப்பது வருஷம் அந்த "சரிங்க"வைச் சம்மதம் என்று எழுதியவள் நான். அதற்கு என்ன அர்த்தம் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

அன்று மாலைக்குள் பெண்பிள்ளைகளுக்கு ஆபரேஷன் ஊசி போடப் போகிறார்கள் என்று காலனி முழுவதும் பேச்சாகிவிட்டது. டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பச்சை நோட்டு, அஞ்சலையின் ஆபரேஷன், பையன் போனது வரைக்கும் ஒவ்வொரு "அப்புறம்"முக்கும் சொன்னேன். கடைசியில் அவர் ஒன்றுதான் சொன்னார்: "அந்த மூணு பக்கத்தைக் கிழிச்சிடாதீங்க, சிஸ்டர். கிழிச்சா இன்னும் தப்பாப் போயிடும்." நான் கிழிப்பதாகத்தான் இருந்தேன்.

பிறகு செய்யாதது எதுவுமில்லை. புது நோட்டு வாங்கிப் பெயர்களை அதில் எழுதி, வீடு வீடாகக் கொண்டு போய்க் காட்டினேன். காலனியில் இருக்கும் சபைப் போதகர் ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்து எடுத்துச் சொன்னார். டாக்டர் இரண்டு சாயங்காலம் வந்து வாசற்படியில் உட்கார்ந்து பேசினார். தன் அக்கா மகளுக்குத் தானே போட்ட படத்தைப் போனில் காட்டினார். எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள். டீ கொடுத்தார்கள். ஊர்ப் படிவங்கள் கையெழுத்தாகி வந்தன. காலனிப் படிவங்கள் ஒன்பதில் ஒன்றும் வரவில்லை. சம்மதிக்க வைப்பதில் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியவள் போகாமல் இருந்தாலாவது நாலு பேர் வந்திருப்பார்களோ என்று எனக்குத் தோன்றத் தொடங்கியது.

ஒரு வெள்ளிக்கிழமை ஊசி போட்டோம். பள்ளியிலிருந்து ஒரு டீச்சரோடு வேனில் பெண்கள் வந்தார்கள். முதலில் படிவம். பிறகு டேப்பில் பெயரைத் தேடிப் பிறந்த தேதியை ஒத்துப் பார்க்க வேண்டும். சாப்பிட்டாயா என்று கேட்டு, இல்லையென்றால் பிஸ்கட் கொடுக்க வேண்டும். இடது கையின் மேல்பகுதியில் அரை மில்லி. பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார வேண்டும். மயக்கம் வருகிறதா என்று பார்க்க ஒரு ஆள். ஊர்ப் பெண்கள் ஒவ்வொருவராக முடித்துப் போக, வரிசையின் கடைசியில் கீர்த்தனா நின்றாள். கையில் படிவம் இருந்தது.

டாக்டர் வழக்கம்போலக் கீழிருந்து பார்த்தார். அஞ்சலை என்று தமிழில் உருண்டையாகக் கையெழுத்து. அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "சரிதானே, சிஸ்டர்?" என்றார்.

அந்தக் கையெழுத்து யாருடையது என்று பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. டாக்டருக்குத் தெரியாது. நான் தலையாட்டியிருந்தால் போதும், ஒரு நிமிஷத்தில் ஊசி போட்டிருப்பார். ஓய்வுக்கு இன்னும் சில வாரம்தான் இருந்தது. நாளைக்கு அஞ்சலை வந்து நான் சம்மதிக்கவே இல்லையே என்று கேட்டால் விசாரணை வரும், பென்ஷன் நிற்கும் என்று மனதுக்குள் ஓடியது. அந்தப் பெண்ணைப் பற்றி நான் அப்போது நினைக்கவே இல்லை.

"அவ அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, டாக்டர். கைநாட்டுதான்," என்றேன்.

டாக்டர் படிவத்தை மேசைமேல் வைத்தார். கீர்த்தனா அழவில்லை.

"எல்லாரும் பாத்துக்கினு இருப்பாங்கன்னுதான் மேடம் கையெழுத்தா போட்டேன். அம்மாவுக்கு எழுதத் தெரியாதுன்னு இவங்களுக்கெல்லாம் தெரிய வேணாம்னு. மையத் தொட்டுக் கைநாட்டே வெச்சிருந்தா போட்டிருப்பீங்களா?"

"அதுவும் தப்புதாம்மா," என்றார் டாக்டர்.

"தப்புதான். ஆனா உங்களுக்குத் தெரிஞ்சிருக்காதுல்ல," என்றாள். பிறகு, "நோட்டுல இருந்ததை வூட்ல போய்ச் சொன்னதே நான்தான் மேடம். நான் வாயை மூடிக்கினு இருந்திருந்தா எங்க தெரு பொண்ணுங்க எல்லாம் வந்திருப்பாங்க," என்றாள்.

வேனில் எல்லோரும் சேர்ந்துதான் திரும்ப வேண்டும். அதனால் ஊசி போட்டுக்கொண்ட பெண்களோடு அந்த அரை மணி நேரமும் அவளும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் அவள் பிறந்த தேதியைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமையோடு பதினைந்து முடிகிறது. "நாளைக்கு அவங்க அம்மா வந்து கைநாட்டு வெச்சா, லீவா இருந்தாலும் நான் வந்து போடறேன். போய்ச் சொல்லுங்க, சிஸ்டர்," என்றார்.

சாயங்காலமே போனேன். மயிலம் பக்கம் மல்லாட்டை பிடுங்கப் போயிருந்த அஞ்சலை அப்போதுதான் திரும்பி, வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். மகள் கையெழுத்துப் போட்ட விஷயத்தைச் சொன்னேன். உள்ளே திரும்பி மகளை ஒரு பார்வை பார்த்தாள். என்னை உட்காரச் சொல்லவில்லை.

"நாளைக்கு ஒரு நாள்தான் இருக்கு, அஞ்சல. ஞாயித்துக்கெழம அவளுக்குப் பதினஞ்சு முடிஞ்சிடும். அப்புறம் போட முடியாது. காலையில வந்துடு."

"அன்னிக்கும் இப்பிடித்தான், வேன் போயிடும் வேன் போயிடும்னு இஸ்துக்கினு போனீங்க."

"இது நல்லதுக்குத்தான். நான் சொல்றதை நம்பு."

"நம்புனேனுங்க." அவள் சொம்பைக் கவிழ்த்து வைத்தாள். "அவ ஒருத்திதான் எனக்கு. அவளுக்கு ஒரு புள்ள பொறந்து அத நான் தூக்கணும். வேற இன்னா இருக்குது எனக்கு? நீங்க போய்ட்டு வாங்க."

அங்கேயே அவள் முன்னால் உட்கார்ந்து, அன்றைக்கு நான் செய்தது தப்பு, என்னை மன்னித்துவிடு, ஆனால் அந்தத் தப்புக்காக இந்தப் பெண்ணைத் தண்டித்துவிடாதே என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. புற்றுநோயைப் பற்றிக் கூட்டத்தில் சொன்னதையே இன்னொரு முறை சொல்லிவிட்டு மொபெட்டை எடுத்தேன். சனிக்கிழமை டாக்டர் வந்து மதியம்வரை காத்திருந்தார். யாரும் வரவில்லை.

திங்கட்கிழமை காலையில் நானும் டாக்டரும் குளிர்பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அஞ்சலை உள்ளே வந்தாள். கூலியை விட்டுவிட்டு, துவைத்த புடவை கட்டி வந்திருந்தாள். பின்னால் கீர்த்தனா யூனிபார்மில் நின்றாள். அஞ்சலை நேரே டாக்டர் மேசைக்குப் போய்க் கட்டைவிரலை நீட்டினாள்.

"மை எங்கங்க?"

டாக்டர் அவளை உட்கார வைத்தார். அஞ்சலை சொன்னாள்: "ரெண்டு நாளா இவ சோறு துன்னல. நேத்து ராத்திரி, நீங்க காட்டுன படத்துல இருந்ததெல்லாம் சொன்னா. தூரம் நின்னதுக்கு அப்புறமும் ரத்தம் படும், நாறும், இடுப்பு புடிச்சிக்கும்னு. அப்பதான் எங்கம்மா நெனப்பு வந்துச்சு. எங்கம்மா அப்பிடித்தாங்க செத்தாங்க. நாங்க பெரும்பாடுன்னு சொல்லிக்கினு கோயில் கோயிலா போனோம். திருவக்கரைக்கு மூணு அமாவாசை இட்டுக்கினு போனேன். இந்த நோவுதானா அது?"

"இருக்கலாம்மா," என்றார் டாக்டர்.

"அப்பன்னா இவளுக்குப் போட்டுருங்க."

டாக்டர் டேப்பை எடுத்துப் பெயரைத் தேடினார். அந்தப் பெயரைத் தொட்டதும் வயது வரம்பு கடந்துவிட்டது என்று சிவப்பாக ஒரு வரி வந்து நின்றது. இன்னொரு தடவை தொட்டார். பிறகு, நேற்றோடு வயது முடிந்துவிட்டது, பிறந்த தேதி பள்ளிக்கூடத்துக் கணக்கிலிருந்து நேரே வருகிறது, தன்னால் மாற்ற முடியாது, கணக்கில் ஏறாமல் மருந்தை எடுக்கவும் முடியாது என்று மெதுவாக, பாதி வாக்கியங்களாகச் சொன்னார். வெளியே வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

"திண்டிவனத்துல நான் வாங்கித் தர்றேன், அஞ்சல," என்றேன். "என் செலவு."

அவள் நாற்காலியில் திரும்பி என்னைப் பார்த்தாள். பன்னிரண்டு வருஷத்தில் அவள் என்னை நேராகப் பார்த்தது அன்றுதான்.

"நான் ஆடி மாசம் பொறந்தவ, ஆடி வந்தாத்தான் இருவத்திரெண்டுன்னு சொன்னேன். நாலு மாசந்தான, நான் எழுதிக்கிறேன்னு சொல்லி எழுதுனீங்க. எனக்கு நாலு மாசம் கூட்டி எழுதுன கை, இவளுக்கு ஒரு நாள் கொறச்சி எழுதாதா?"

அந்த ஆபரேஷனைப் பற்றி மேலே எழுதும்போது இதை மட்டும் விட்டுவிட்டேன். டாக்டரின் எத்தனையோ "அப்புறம்"முக்குப் பதில் சொன்னபோதும் இதைச் சொல்லவில்லை. ஆபரேஷன் செய்துகொள்ளும் பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது முடிந்திருக்க வேண்டும் என்பது விதி. அஞ்சலைக்கு முடியவில்லை. அது பங்குனி, எனக்கு மார்ச் கணக்கு. படிவத்தில் இருபத்திரண்டு என்று எழுதி, அதன் கீழே அவள் கட்டைவிரலைப் பிடித்து நான்தான் அழுத்தினேன். விதிப்படி ஆடி வரைக்கும் காத்திருந்தால், ஆனியில் பையன் போனபோது அவளுக்கு ஆபரேஷன் ஆகியிருக்காது. இதை நான் எத்தனையோ தடவை கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். அவளும் போட்டுப் பார்த்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது.

"என்ன நாலு மாசம், சிஸ்டர்?" என்று டாக்டர் கேட்டார்.

"ஒண்ணுமில்ல, டாக்டர். அது ஏதோ பழைய கதை," என்றேன்.

அஞ்சலை இன்னும் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, "வாடி, பஸ்ஸு போயிடும்," என்று மகளைக் கூட்டிக்கொண்டு போனாள். வாங்கித் தருகிறேன் என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினேன். பதில் வரவில்லை. மூன்றாம் தடவை நானே போனபோது வீடு பூட்டியிருந்தது. மகளைப் படிப்பை நிறுத்திக் கூடவே வேலைக்குக் கூட்டிப் போகிறாள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

மாதக் கடைசியில் எனக்கு மாலை போட்டு, சால்வை போர்த்தி அனுப்பிவைத்தார்கள். டாக்டர் பேசும்போது, சிஸ்டர் எழுதிய பதிவேடுகளைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம், ஒரு பெயரில், ஒரு வயதில்கூடத் தப்பு இருக்காது என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் கைகூப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.